ஃபெல்ட் பர்ஸ் கிட் வாங்கலாமா? கம்பளி சூப்பர், மத்ததெல்லாம் உங்க வீட்லயே இருக்கு

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், முழுசா படிக்க டைம் இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். 5க்கு 3. அந்த 3ம் கம்பளிக்குத்தான். கூட வர்ற செய்முறைப் பேப்பருக்கு மார்க் போடணும்னா மைனஸ்லதான் போடணும்.

இது கம்பளியை தண்ணி, சோப்பு போட்டு தேய்ச்சு தேய்ச்சு கெட்டியான துணி மாதிரி ஆக்கி (அதுக்குப் பேர்தான் ஃபெல்ட்), அதுலயே பர்ஸ் பண்ற கிட். தையல் கிடையாது, பின்னல் கிடையாது. ஆன்லைன்ல ஷிப்பிங்கோட சேர்த்து 1,650 ரூபா ஆச்சு, வடக்க இருந்து வந்துது. கடை பேர் போடல, ஏன்னா இதே மாதிரி கிட் நாலஞ்சு பேர் விக்கறாங்க, போட்டோவப் பார்த்தா எல்லாமே ஒரே அச்சு, அதனால நான் சொல்றது பொதுவா எல்லாத்துக்குமே உதவும்னு நினைக்கறேன்.

டப்பால என்ன இருந்துது: 100 கிராம் மெரினோ ஆட்டுக் கம்பளி நாலு கலர்ல (நூலா இல்ல, நூல் ஆக்கறதுக்கு முன்னாடி சீவி நீளமா பஞ்சு மாதிரி வெச்சிருப்பாங்களே அது, ரோவிங்னு போட்டு விப்பாங்க), ஒரு பபுள் ராப் ஷீட், ஒரு வலைத்துணி, லேவண்டர் வாசத்துல சின்னதா ஒரு சோப்பு, ரெண்டு ஃபெல்டிங் ஊசி, ஒரு மேக்னட் பட்டன், அப்புறம் அந்தப் பேப்பர். வலைத்துணி சத்தியமா நம்ம ஜன்னலுக்கு அடிக்கற கொசுவலையேதான். மீட்டர் என்ன விலைன்னு எல்லாருக்கும் தெரியும்.

கம்பளிக்கு ஏன் இவ்வளவு பில்டப்னு கேட்டா, நம்ம ஊர்ல கடைக்குப் போய் ஊல் குடுங்கன்னா எடுத்துப் போடறது முக்கால்வாசி அக்ரிலிக்தான். கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் டெய்லரிங் சாமான் கடைங்கள்ல கலர் கலரா தொங்கும், குல்லா பின்ன, கதவுத் தோரணம் பண்ண ஜோரா இருக்கும், ஆனா அதை நீங்க வருஷம் பூரா தேய்ச்சாலும் ஃபெல்ட் ஆகாது. ஆட்டு முடியில மீன் செதில் மாதிரி பொடிப்பொடியா செதில் இருக்கும், சூடு தண்ணி, சோப்பு பட்டா அது விரிஞ்சு குடுக்கும், மேல தேய்க்கத் தேய்க்க ஒரு முடி இன்னொரு முடிக்குள்ள நகர்ந்து போய் மாட்டிக்கும், அப்புறம் யார் நினைச்சாலும் பிரிக்க முடியாது. ஸ்வெட்டரைத் தெரியாம சூடு தண்ணில போட்டு குழந்தை சைஸுக்கு சுருங்கிப் போச்சுன்னு புலம்புவாங்க இல்ல, அதே விஷயத்தை இங்க வேணும்னே பண்றோம், அவ்வளவுதான். அக்ரிலிக் பிளாஸ்டிக், அதுக்குச் செதிலே கிடையாது.

இன்னொண்ணும் பாக்கணும். சூப்பர்வாஷ்னு போட்டிருந்தா அது நிஜக் கம்பளியாவே இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. மெஷின்ல போட்டாலும் சுருங்கக் கூடாதுன்னு குளோரின் ட்ரீட்மென்ட் குடுத்து, மேல ஒரு கோட்டிங்கும் போட்டு செதிலோட வேலையையே முடிச்சு அனுப்பியிருப்பாங்க.

சந்தேகம் இருந்தா கொஞ்சமா பிச்சு, இடுக்கில புடிச்சு நெருப்புல காட்டுங்க. கம்பளின்னா முடி கருகற அதே நாத்தம், நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சிடும், கருப்பா நிக்கறதை விரல்ல நசுக்கினா பொடியாயிடும். அக்ரிலிக் உருகி, ஆறினதும் கல்லு மாதிரி ஒரு முத்து நிக்கும், நசுங்கவே நசுங்காது. கிட்ல வந்த நாலு கலரையும் இப்படி எரிச்சுப் பாத்தேன், நாலும் பாஸ். அதுல ஏமாத்தல, பாராட்டணும்.

இப்ப பேப்பருக்கு வர்றேன். ரெண்டு பக்கம், அஞ்சு படம். "கம்பளியைப் பரப்பவும், நனைக்கவும், தேய்க்கவும், ரெடி"ங்கற ரேஞ்சுல இருக்கு. எவ்வளவு மெல்லிசா, எத்தனை லேயர், எந்தப் பக்கமா, எவ்வளவு சுருங்கும், ஒண்ணும் இல்ல. இதுல சுருங்கற கணக்கு இல்லாததுதான் பெரிய கொடுமை. கவர் மேல இருக்கற போட்டோல பர்ஸுக்குள்ள மொபைல் ஜம்முனு உக்காந்திருக்கு. பேப்பர்ல குடுத்திருக்கற அளவு 22 சென்டிமீட்டருக்கு 14. அந்த அளவுக்கு பபுள் ராப்பை வெட்டி, அதைச் சுத்தி கம்பளி வெச்சு, நடுவுல அது இருக்கறதுனால முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பை மாதிரி வரும், ஐடியா என்னமோ நல்ல ஐடியாதான். ஆனா கம்பளி முழுசா இறுகினதும் மூணுல ஒரு பங்கு காணாமப் போயிடும். 22ங்கறது 14 சொச்சம் ஆச்சு, 14ங்கறது 9 ஆச்சு. இப்ப வர்ற மொபைல் எல்லாம் 16 சென்டிமீட்டர் நீளம். தலை வெளிய நீட்டிக்கிட்டுதான் நிக்கும், மூடி போட முடியாது. கடைக்கு மெயில் போட்டேன், கைவேலைல சைஸ் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும் மேடம்னு பதில். கொஞ்சமாங்க இது?

கணக்கு சிம்பிள், நானே சொல்லிடறேன். முடிஞ்ச பர்ஸ் எவ்வளவு வேணுமோ அதை 0.65ஆல வகுங்க. மொபைல் தாராளமா போக 18க்கு 10 வேணும்னா உள்ள வெக்கற பபுள் ராப்பை சுமாரா 28க்கு 16 வெட்டணும், மூடி வேணும்னா அதுக்குத் தனியா மேல நீட்டி விடணும். கம்பளி 50-60 கிராம் புடிக்கும், அதாவது இந்த 100 கிராம்ல ஒரு மொபைல் பர்ஸும் ஒரு சில்லறை பர்ஸும் தாராளமா போடலாம். இதை ஒரு வரில பிரின்ட் பண்ண என்ன செலவு ஆகிடும்னு எனக்குப் புரியல.

பண்ற விதம் பத்தி கொஞ்சம். கம்பளிய கத்தரிக்கோல்ல வெட்டக் கூடாது, ஒரு கையால தளர்வா புடிச்சு இன்னொரு கை விரல் நுனியால லேசா இழுத்தா மெல்லிசா ஒரு கீத்து பிரிஞ்சு வரும், பின்னாடி இருக்கற டேபிள் தெரியற அளவுக்கு மெல்லிசு. அதை ஓடு வேயற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறின மாதிரி அடுக்கணும், முதல் லேயர் நெடுக்கால, அடுத்தது குறுக்கால, இப்படி மாத்தி மாத்தி நாலு லேயர். ஒரே பக்கமா வெச்சா பர்ஸ் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி கோணிக்கும். ஓரத்துல ஒரு ரெண்டு விரக்கடை வெளிய நீட்டி விட்டு, திருப்பிப் போட்டு அந்த நீட்டினதை இந்தப் பக்கம் மடிச்சு, அதுக்கு மேல இந்தப் பக்கத்து லேயர். ஃபேனை ஆஃப் பண்ணிட்டு செய்யுங்க, இல்லேன்னா ஹால் பூரா பறக்கும். கோயமுத்தூர்ல சமாளிக்கலாம், சென்னைக்காரங்க ராத்திரி பண்ணிக்கோங்க.

அடுத்தது தண்ணி. இதை எந்த வீடியோலயும் யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவங்க ஊர்ல இந்தப் பிரச்சனை இருக்காது போல. எங்க வீட்ல ரெண்டு பைப், ஒண்ணு போர்ல வர்ற உப்புத் தண்ணி, இன்னொண்ணு சிறுவாணி நல்ல தண்ணி. உப்புத் தண்ணில கிட்ல வந்த லேவண்டர் சோப்பு நுரையே குடுக்கல, வெள்ளையா திரி திரியா கம்பளி மேல படிஞ்சு நின்னுது. சிறுவாணித் தண்ணிய சூடு பண்ணிப் போட்டதும் அதே சோப்பு வழுக்கிக்கிட்டு போச்சு. உங்களுக்கு போர் தண்ணி மட்டும்தான்னா தேங்கா எண்ணெய்ல பண்ணின சாதாரணக் குளிக்கற சோப்பை கேரட் துருவல்ல துருவி சூடு தண்ணில கரைச்சு வெச்சுக்கோங்க, உப்புத் தண்ணிலயும் அது ஓரளவு நுரைக்கும். துணி துவைக்கற பவுடர் மட்டும் வேண்டாம், நிறைய பவுடர்ல கறை எடுக்கறதுக்கு என்சைம் போட்டிருப்பாங்க, அதுல புரோட்டீனை அரிக்கற வகையும் உண்டு, கம்பளியே புரோட்டீன்தான்.

வலையை மேல போட்டு, சோப்புத் தண்ணி தெளிச்சு, மொதல்ல அமுக்கு மட்டும். காத்து பூரா வெளிய போய் அப்பளம் மாதிரி தட்டையா ஆகணும். அப்புறம் உள்ளங்கையை வெச்சு மெதுவா வட்டமா, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கற பிரஷர்தான். இந்த ஸ்டேஜ்ல அவசரப்பட்டு அழுத்தித் தேய்ச்சா கம்பளி வலைக்குள்ள ஏறி ஒட்டிக்கும், அதனால நடு நடுவுல வலையைத் தூக்கித் தூக்கி விடணும். எப்ப போதும்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. மேல லேசா கிள்ளித் தூக்குங்க. முடி தனியா கைல வந்தா இன்னும் ஆகல. முழு ஷீட்டும் சேர்ந்து தோல் மாதிரி எழும்பினா ஆச்சு. அந்த மாற்றம் நடக்கறதைக் கையில உணர முடியும், வழவழன்னு இருந்தது திடீர்னு கொஞ்சம் சொரசொரப்பா, மணல் மணலா படும். இந்தக் காசுக்கு எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் அதுதான்.

அப்புறம்தான் நிஜமான வேலை, இறுக்கறது. பேப்பர்ல பபுள் ராப்போட சுருட்டி உருட்டுன்னு போட்டிருக்கு, அது செம போர், கை கடுத்துப் போகும். நம்ம வீட்ல பின்னாடி துவைக்கற கல்லு இருக்கு இல்ல, வரி வரியா போட்ட கல்லு, அதுல வெச்சு தேய்ச்சா பாதி நேரத்துல முடியுது. வெளிநாட்டுக்காரங்க இதுக்குன்னே வரி போட்ட மரப்பலகை காசு குடுத்து வாங்கறாங்க! மொதல்ல மெதுவா, நாலு பக்கமும் திருப்பித் திருப்பி, எந்தப் பக்கமா தேய்க்கறோமோ அந்தப் பக்கமா சுருங்கும், அதனால நீளம் அதிகம்னா நீளவாக்குல தேய்க்கலாம், இப்படி சைஸை நம்மளே கன்ட்ரோல் பண்ணிக்கலாம். கடைசில சூடு தண்ணில முக்கி கல்லு மேல தூக்கித் தூக்கி அடிக்கணும். யார் மேலயாவது கோவம் இருந்தா அந்த நாளா பாத்து வெச்சுக்கோங்க. அத்தை வந்து எட்டிப் பாத்துட்டு "என்ன கண்ணு, செம்மறி மழைல நனைஞ்ச மாதிரி நாறுது"ன்னாங்க. அது உண்மைதான், ஈரக் கம்பளிக்கு ஆட்டு வாசம் வரும், காஞ்சா போயிடும், லேவண்டர் சோப்பெல்லாம் அதுகிட்ட நிக்காது.

உள்ள இருக்கற பபுள் ராப் சுருங்காது, சுத்தி இருக்கற கம்பளி சுருங்கும், அதனால உள்ள அது மடங்க ஆரம்பிக்கும். அதுதான் கத்தரிக்கோல் எடுக்க நேரம். வாய் எங்க வேணுமோ அங்க வெட்டி பிளாஸ்டிக்கை உருவிடணும். வெட்டின ஓரம் லேயர் லேயரா தெரியும், பாக்கவே பக்குன்னு இருக்கும், பயப்படாதீங்க, அந்த ஓரத்துல சோப்பு தடவி விரலால தேய்ச்சா கொஞ்ச நேரத்துல மூடிக்கும். உள்ள விரலை விட்டு ஓரத்துத் தையல் மாதிரி தடிச்சு நிக்கற கோட்டையும் இப்பவே நல்லா தேய்ச்சு விட்டுடணும், அப்புறம் போகாது. இந்த வெட்டற விஷயம் பேப்பர்ல ஒரே ஒரு படமா இருக்கு, எழுத்தே கிடையாது.

அலசறதுல சோப்பு துளி கூட நிக்கக் கூடாது. கடைசித் தண்ணில ஒரு ஸ்பூன் வினிகர் விட்டா சோப்போட காரம் போயிடும். கிட்ல வந்த சிவப்பு கொஞ்சம் சாயம் விட்டுது, பக்கத்துல இருந்த கிரீம் கலர் லேசா ரோஸ் அடிச்சிருக்கு, எனக்கு அது புடிச்சுதான் இருக்கு, ஆனா வெள்ளை-சிவப்புன்னு பிளான் பண்றவங்க உஷார். உள்ள டவல் திணிச்சு, ஷேப் பண்ணி நிழல்ல காய வைக்கணும். ஐப்பசி மழைல ஆரம்பிக்காதீங்க, நல்ல தடிமனா இருக்கறதுனால காயவே காயாது, பூசணம் புடிச்சிடும்.

இறுக்கறதுக்கு வாஷிங் மெஷின்ல போடலாம்னும் பேப்பர்ல ஒரு வரி இருக்கு. கம்பளி நூல்ல தளர்வா பின்னின பர்ஸுன்னா சரி, தலகாணி உறைக்குள்ள போட்டு கட்டி சூடு தண்ணில விடலாம், டாப் லோடுன்னா நடுவுல திறந்து திறந்து பாத்துக்கலாம். இந்தப் பஞ்சுக்கு அது வேண்டாம், மெஷின் ஃபில்டர்தான் பாவம்.

மேக்னட் பட்டன் விஷயம். கம்பி கால் மடக்கற டைப் குடுத்திருக்காங்க, அப்படியே குத்தினா ஃபெல்ட் நாளடைவுல இழுத்துக்கிட்டு ஓட்டை பெருசாகும், பின்னாடி ஒரு துண்டு ஜீன்ஸ் துணியோ தோலோ வெச்சு மடக்குங்க. கூட வந்த ரெண்டு ஊசியும் பூ டிசைன் குத்தறதுக்கு. ஊசியோட நுனி பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத முள்ளு இருக்கும், குத்தும்போது கம்பளியை உள்ள தள்ளி மாட்டி விடும். அதுக்கு அடியில ஸ்பாஞ்ச் கட்டை வேணும், கிட்ல அது இல்ல, பாத்திரம் தேய்க்கற பெரிய ஸ்பாஞ்ச் வெச்சு ஒப்பேத்தினேன். நேரா குத்தி நேரா எடுக்கணும், சாய்ச்சா பட்டுன்னு ஒடிஞ்சிடும். ரெண்டே ரெண்டு ஊசி குடுத்தா எப்படிங்க.

பர்ஸ் எப்படி இருக்குன்னா, லைட் வெயிட், சில்லறை போட்டா சத்தமே வராது, லேசா மழை பட்டா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது. ஆனா ஜீன்ஸ்ல உரசற பக்கம் பொடி உருண்டை கட்ட ஆரம்பிச்சிருக்கு. இது கம்பளியோட குணம்தான், மெரினோ ரொம்ப மெல்லிசு முடி, சீக்கிரம் ஃபெல்ட் ஆகும், புதுசா பண்றவங்களுக்கு சுலபம், அதனாலதான் கிட்ல அதைப் போடறாங்க. பைக்கு, தினம் அடிபடற சாமானுக்கு, கொஞ்சம் முரட்டுக் கம்பளிதான் உழைக்கும். காஷ்மீர் நம்தா விரிப்பெல்லாம் கம்பளியை இப்படி தண்ணி, சோப்பு விட்டு உருட்டி இறுக்கினதுதான், கால்ல மிதிபட்டும் நிக்குது. காட்மாண்டு ஃபெல்ட் பைங்க எக்ஸிபிஷன்ல வரும், தொட்டுப் பாருங்க, மெரினோ மாதிரி வழவழப்பா இருக்காது, ஆனா கெட்டி.

நம்ம பக்கம் கம்பளி இல்லையான்னு தேடிப் பாத்தேன். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை இதெல்லாம் கறிக்கு வளக்கற ஆடு, உடம்புல கம்பளியே கிடையாது. கோயமுத்தூர் ஆடுன்னே ஒரு இனம் இருக்கு, அதுக்கு முரட்டுக் கம்பளி. நல்ல கம்பளிக்குன்னா நீலகிரி ஆடு, வெள்ளைக்காரன் காலத்துல டாஸ்மேனியா மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆடுங்களை நம்ம கோயமுத்தூர் ஆட்டோட கலந்து வந்த இனம், இப்ப எண்ணிக்கை ரொம்பக் கம்மி, ஊட்டி சாண்டிநல்லால கவர்மென்ட் ஆராய்ச்சிப் பண்ணைல வெச்சுக் காப்பாத்தறாங்க. பொள்ளாச்சி ரோட்டுல கிடை போட்டிருக்கறதைப் பாத்தா இனிமே ஆட்டோட முதுகைத்தான் பாப்பேன் போல.

யாருக்கு இந்த கிட்? ஒரு தடவை கூட பண்ணிப் பாக்காதவங்க, கிஃப்ட் குடுக்க நினைக்கறவங்க, பரவால்ல வாங்கலாம், பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டு மேல சொன்ன கணக்கை வெச்சுக்கோங்க. மத்தவங்க கம்பளி மட்டும் தனியா வாங்குங்க, 100 கிராம் இந்தக் காசுல பாதிக்கும் கீழதான் வருது. வாங்கும்போது 100% கம்பளியா, சூப்பர்வாஷ் இல்லையே, எத்தனை கிராம்னு மூணையும் மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க, தப்பா வந்தா ரிட்டர்ன் கேக்க உதவும். மிச்சம் இருக்கற கம்பளியை ஜிப் கவர்ல போட்டு பூச்சி அண்டாம வையுங்க, காஞ்ச வேப்பிலை ஒரு கைப்பிடி கூட போட்டு வைக்கலாம், ஆனா பூச்சிக்கு உண்மையான தடுப்பு அந்த கவரை இறுக்கி மூடறதுதான்.

வித்துக் காசாக்கலாமான்னு நாத்தனார் கேட்டாங்க. ஒரு பர்ஸுக்கு அரை நாள் போகுது, காயற நேரம் தனி. கூலி போட்டு விலை வெச்சா காட்மாண்டு பர்ஸ் விலைக்குப் பக்கத்துல கூட நிக்க முடியாது. கிஃப்ட்டுக்குன்னா குடுக்கலாம்.

குழந்தைங்களோட பண்ணலாமான்னு கேக்கறவங்களுக்கு: சோப்பு வேலை தாராளமா பண்ணலாம், தண்ணி கை தாங்கற சூட்டுல இருந்தா போதும், அடிக்கற ஸ்டேஜ்ல அவங்கதான் நம்மள விட நல்லா பண்றாங்க. ஊசி மட்டும் அவங்க கண்ணுல படாம மேல் ஷெல்ஃப்ல வெச்சிடுங்க, அந்த முள்ளு விரல்ல ஏறினா சாதா ஊசி மாதிரி வழுக்கிக்கிட்டு வெளிய வராது.